விஜயகலா எழுதிய ஞாயிற்றுக்கிழமை

எங்கள் நூலக வாசலில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ என்று அதன் தலையில் இரண்டு மொழியிலும் எழுதி, நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இடப்பக்கம் சிங்களம். அதை நூலகப் பொறுப்பாளர் தமயந்தி மேடம் எழுதுவார். வலப்பக்கம் தமிழ், அது என் பாடு. நான் நிரோஷா, இதே கடைத்தெருவில் பிறந்தவள். கல்யாணம் கில்யாணம் என்று எதுவும் செய்துகொள்ளாமல் இந்தப் புத்தகத் தூசியிலேயே தலை நரைத்துப் போனவள். மேடத்துக்குத் தமிழ் பேசினால் பாதி விளங்கும், வாசிக்கத் தெரியாது. ஆகவே தமிழ்ப் பக்கத்தில் நான் எழுதுவதுதான் எழுத்து. பெருமைக்குச் சொல்லவில்லை. அங்கே எழுத அப்படி என்னதான் இருக்கிறது?

கூட்டுரம் செய்வது எப்படி என்று ஒரு விளக்கவுரை வரும். புலமைப்பரிசில் மாணவர்களுக்குக் கருத்தரங்கு வரும். முதியோர் வாரத்துக்குக் கண் பரிசோதனை வரும். எல்லாம் சிங்களத்தில் நடக்கும், எல்லாம் கிழமை நாளில் நடக்கும். நான் மாங்கு மாங்கென்று தமிழில் எழுதிப் போடுவேன். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற மனுஷி எங்கே இருப்பாள் என்று நிகழ்ச்சி போடுகிற எந்த மகராசனுக்காவது தெரியுமா? அவள் மலையில் இருப்பாள். விடிய முன் வெட்டிய மரங்களிலிருந்து சிரட்டை சிரட்டையாகப் பால் சேர்த்துக்கொண்டிருப்பாள். அதை விட்டுவிட்டு வந்தால் அன்றைய நாள் வேலை கணக்கில் வராது. பிறகு கூட்டத்தில் பேசுவார்கள், தோட்டத்து மக்களுக்கு நூலகத்தில் ஆர்வமில்லை என்று. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு…

சரி, அது கிடக்கட்டும். விஜயகலாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு சங்கம், காது கேட்காத பிள்ளைகளை இலவசமாகப் பரிசோதித்து, தேவையானவர்களுக்குக் கேட்கும் கருவியும் கொடுப்பதாக அறிவித்தது. இடம் எங்கள் நூலக மண்டபம். பலகையில் எழுதிய மறுநாள் மத்தியானம் ஒருத்தி வந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றினாள். இங்கே யாரும் செருப்புக் கழற்றுவதில்லை. நேரே பால் ஸ்டோரிலிருந்து வந்திருக்கிறாள் என்று வாடையே சொன்னது. விரலெல்லாம் காய்ந்த ரப்பர் பால் தோல் மாதிரி ஒட்டியிருந்தது. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை, காதை மூடி விழுந்த நீளமான முடியோடு.

“அக்கா, இதுக்கு வயசு எல்லை ஏதும் இருக்குங்களா?”

“அப்படி ஒண்டும் போடல்லையே. பிள்ளைக்கு எத்தினை வயசு?”

“ஏழு முடிஞ்சிருச்சுங்க. லக்ஷிகான்னு பேரு. ஒரு வார்த்தை பேசினதில்லீங்க.”

முதல் பெயராக அந்தப் பிள்ளையின் பெயரைத்தான் பதிந்தேன்.

அதன் பிறகு வேலை முடிந்து கடைத்தெருவுக்கு வருகிற நாளெல்லாம் என்னிடம் வந்து இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டாள். அப்படிப் பேசிப் பேசித்தான் அவள் கதை எனக்குத் தெரியும். தோட்டத்தின் கீழ்க்கணக்கில், அதாவது கீழ்ப் பிரிவில் பிறந்து, அங்கேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். பத்தாம் வகுப்பில் கெட்டிக்காரியாம். தகப்பன் படுத்துவிட்டதால் படிப்பை விட்டு மலைக்கு ஏறினாள். புருஷன் அஜந்தன் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நிற்கிறான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். நல்லவன்தான், குடிப்பதில்லை. ஆனால் பிள்ளை விஷயத்தில் அம்மனை விட்டால் அவனுக்கு வேறு வழி தெரியாது. பிள்ளை பேசினால்தான் காது குத்துவேன், முடி இறக்குவேன் என்று தோட்டத்து மாரியம்மனுக்கு நேர்ந்து வைத்திருந்தான். வருஷா வருஷம் திருவிழாவில் லக்ஷிகாவின் கையில் காப்புக் கட்டி, சின்னப் பால்குடம் ஒன்றைத் தூக்க வைப்பான்.

“அம்மனுக்கும் காது கேக்கல போலக்கா,” என்று ஒருநாள் சொன்னாள் விஜயகலா. சொல்லிவிட்டுச் சிரித்தாள். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாடசாலையில் சேர்க்கப் போனபோது, இந்தப் பிள்ளைக்கு இங்கே படிப்பிக்க ஆளில்லை, விசேஷப் பாடசாலைக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். விசேஷப் பாடசாலை தூரத்தில் இருந்தது, அதுவும் சிங்களம். தாய் மலைக்குப் போகும் நேரம் பிள்ளை லய வரிசையில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் கிடக்கும். ஒருநாள் பால் லொறி பின்னால் வந்து ஹோர்ன் அடித்திருக்கிறது, அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இவள் நடுரோட்டில் நின்று பூப் பறித்துக்கொண்டிருந்தாளாம். டிரைவர் இறங்கி வந்து தாயைத் திட்டினானாம்.

“நான் செத்துட்டா இது என்னக்கா செய்யும்? யாராவது ஏதாவது பண்ணுனாக்கூட கத்திச் சொல்லத் தெரியாது. ஒரு மெஷின் குடுத்துட்டாங்கன்னா போதும். லொறிச் சத்தம் மட்டும் கேட்டாப் போதும்.”

முதலில் போட்ட தேதி திருவிழாவுக்கு முந்திய புதன். மேடம் வீட்டில் பிறந்தநாள் வைத்தால்கூட அவ்வளவு ஆயத்தம் நடந்திருக்காது, மண்டபத்தைக் கழுவி, உட்காரக் கதிரையெல்லாம் துடைத்து வைத்தோம். சங்கத்திலிருந்து ஃபோன் வந்தது. வசதியில்லை, ஒரு கிழமை தள்ளி அடுத்த புதனுக்குப் போடுகிறோம் என்றார்கள். ஒரு கிழமை தள்ளினால் கீழ்க்கணக்கில் காப்புக் கட்டியிருப்பார்கள். காப்புக் கட்டியவர்கள் தோட்டத்து எல்லை ஓடையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் நேர்த்தி செல்லாது, அம்மன் குற்றம். இதை நான் ஃபோனில் சிங்களத்தில் விளக்கினேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நூல்தானே, கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்,” என்றார். நூல்தானாம்!

விஜயகலாவிடம் அதை அப்படியே சொன்னேன். தள்ளிப்போட்ட புதன் காலையில் அவள் பிள்ளையோடு வந்துவிட்டாள்.

வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! முழங்கால்வரை சேறு, சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அஜந்தன் திருவிழாவுக்காக வந்திருந்தான். முந்திய நாளே இருவருக்கும் பெரிய சண்டையாம். விடிந்ததும் அவன் கோயிலுக்குத் தோரணம் கட்டப் போன நேரம் பார்த்துப் புறப்பட்டிருக்கிறாள். ஓடைக்கரையில் நின்று, பிள்ளையின் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தண்ணீரில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

“பாவம் வந்தா எனக்கு வரட்டும். எங்கக்கா டொக்டரு?”

நான் எப்படிச் சொல்வேன்? காலை எட்டு மணிக்குத்தான் செய்தி வந்தது, இன்றும் வரமாட்டார்களாம். கீழ்க்கணக்கில் சிக்னல் கிடையாது, ஒருவருக்கும் சொல்ல வழியில்லை. மேடம் மண்டபக் கதவில் சிங்களத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவள் அதை வாசித்துவிட்டாள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லோருக்கும் சிங்களம் வரும்.

“தள்ளிப் போட்டுட்டாங்களா?”

“ஓம் விஜயகலா.”

“அடுத்தது எப்ப?”

“பிறகு அறிவிப்பாங்களாம்.”

“பிறகுன்னா?”

அவள் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ, காப்ப அறுத்துட்டேனே… காப்ப அறுத்துட்டேனே…” என்று நெஞ்சில் குத்திக்கொண்டாள். லக்ஷிகா பக்கத்தில் நின்று கதிரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தேன்.

நான் வரும்போது அவள் எழுந்து பலகைக்கு முன்னால் நின்றாள்.

“இதெல்லாம் நீங்கதான் எழுதுறதாக்கா?”

“தமிழ்ப் பக்கம் நான்தான்.”

“நம்ம தோட்டத்துல தொரைய வெளிய வரவெக்கிறது எப்படின்னு தெரியுமா? ஒரு ஆள் போய்க் கேட்டா ஆபீசுக்குள்ளயே இருப்பாரு. நூறு பேரு போய் வாசல்ல நின்னா, சாப்பிட்டுக்கிட்டு இருந்தாலும் கையைக் கழுவிட்டு வருவாரு. நான் ஒருத்தி இங்க வந்து அழுதா யாரு வருவா?”

பலகையின் கீழ்த்தட்டில் இருந்த மார்க்கரை எடுத்தாள். காலையில் நான் அழித்துவிட்ட தமிழ்ப் பக்கம் வெறும் வெள்ளையாகத்தான் கிடந்தது. திருவிழாத் தேர் முடிந்த மறு ஞாயிறு என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, தேதியை எழுதினாள். காலை ஒன்பது மணி. காது கேளாத, பேச்சு வராத பிள்ளைகளுக்கு இலவசப் பரிசோதனை. அனைவரும் வரவும். அழகான எழுத்து, என்னுடையதைவிடக் குண்டு குண்டாக.

“ஞாயித்துக்கெழம யாருக்கும் மலையில்ல,” என்று சொல்லி மூடியைப் போட்டாள். “நீங்க வேணும்னா அழிச்சிருங்கக்கா.”

அழிக்கவில்லை. அழிக்க எனக்கென்ன பைத்தியமா? வெள்ளிக்கிழமை பேப்பர் பார்க்க வரும் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர் சதீஸ் சேர், வழக்கம்போல அதை ஃபோனில் படம் எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்.

அந்தத் திருவிழா அவளுக்கு எப்படிக் கழிந்தது என்று பிறகுதான் தெரிந்தது. கோயில் தலைவர் காத்தமுத்து, காப்பறுத்த பிள்ளை பால்குடம் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்கப் பால்குடத்தோடு போனபோது தாயும் மகளும் காம்பராவுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள். “இனிமே என் புள்ள பேசலன்னா அதுக்கு நீதான் காரணம்,” என்று சொல்லிவிட்டு அஜந்தன் கொழும்புக்குப் போய்விட்டான். லயத்தில் தண்ணீர்ப் பைப்படியில் இவள் வந்தால் மற்றப் பெண்கள் பேச்சை நிறுத்துவார்களாம். அம்மனும் இல்லை, புருஷனும் இல்லை. அவளுக்கு மிச்சம் இருந்தது அவள் கையால் எழுதிய அந்த ஒரு வரிதான். அதுவும் பொய்.

அந்த ஞாயிறு நான் நூலகத்தைத் திறக்கப் போகும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. சன்ஷேட்டுக்குக் கீழே ஆட்கள் நிறைந்திருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். எந்தெந்தத் தோட்டத்திலிருந்தோ தாய்மார்கள், முதுகில், இடுப்பில், கையில் பிள்ளைகளோடு. மண்டபத்தில் போய் உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளைகள் சத்தம் போட்டன, கத்தின, சிரித்தன. ஒன்றிடமிருந்துகூட ஒரு சொல் வரவில்லை. தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க லயத்துல எம் மகன் மட்டும்தான்க்கா இப்படி. உலகத்துலயே நான் ஒருத்திதான்னு நெனச்சேன்,” என்றாள் ஒருத்தி. சஜீதா என்று பெயர், மேல் மலைத் தோட்டமொன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். இடுப்பில் மூன்று வயதுப் பையன்.

விஜயகலா கடைசி வரிசையில் லக்ஷிகாவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். முகத்தில் இரத்தமே இல்லை.

மேடம் வந்தார். “அனே நிரோஷா, என்ன இது?” என்றார். பலகையில் போட்டிருந்தது மேடம் என்றேன். யார் சொன்னது என்றார். சங்கத்திலிருந்து ஃபோன் வந்தது என்றேன், வாய் கூசாமல். அதற்காக எனக்கு நரகம்தான் என்றால் நான் போய்க்கொள்கிறேன். மேடம் பிள்ளைகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போய், நான் அதுவரை கேட்டிராத குரலில் கத்தினார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“எம்பிலிப்பிட்டியவில் ஒரு முகாமில் இருக்கிறார்களாம். முடித்துவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் வழியில் வருவார்களாம்.”

நான் அதைத் தமிழில் சொன்னதும் மண்டபமே மூச்சு விட்டது. விஜயகலா என்னைப் பார்த்தாள். தொரை வெளியே வந்துவிட்டார்! அவள் கண்ணில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் தாண்டித்தான் வேன் வந்தது. களைத்துப்போன ஒரு இளைஞன் இறங்கினான். காலையிலிருந்து வேலை செய்து கண் சிவந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

“யார் இந்தத் தேதியைக் கொடுத்தது?” என்று சிங்களத்தில் கேட்டான். “எங்கள் ஆபீசில் யாரும் கொடுக்கவில்லை. நூலகம் தன்பாட்டில் போட்டதென்றால் நான் மெஷினை இறக்கவே மாட்டேன். நாளைக்கு எல்லா ஊரிலும் இப்படிச் செய்வார்கள்.”

“உங்கள் ஆபீஸ்தான்,” என்றார் மேடம். நான் தலையாட்டினேன்.

அவன் நம்பினானோ இல்லையோ, மெஷினை இறக்கினான். ஆனால் ஒன்று சொன்னான். ஒரு மெஷின், ஒரு ஆள், இருட்டுமுன் மழைப் பாதையைக் கடக்க வேண்டும். ஆகவே ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்கள்தான் முதலில். அந்த வயதில் கருவி போட்டால்தான் பேச்சும் பிடிக்கும், பெரிய பிள்ளைகள் நேரமிருந்தால். நான் இதைத் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. எல்லோருக்கும் விளங்கிவிட்டது. விஜயகலாவுக்கு எல்லோருக்கும் முன்னே விளங்கியிருந்தது.

பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளறைக்குப் போயின. காதில் சின்ன ரப்பர் முனையை வைத்து மெஷின் பார்க்கும். ஒவ்வொன்றும் அழுது அடம்பிடித்து அடங்க நேரமெடுத்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விஜயகலா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். அவள் நகம் தோலில் ஏறியது.

“அக்கா, சொல்லுங்கக்கா. நாந்தானே எழுதுனேன்? நான் எழுதலன்னா இவங்கள்ல ஒருத்தியாவது வந்திருப்பாளா? எம் புள்ளைய மொதல்ல பாக்கச் சொல்லுங்க.”

“சொன்னா மெஷினப் பூட்டிக்கொண்டு போயிருவானே விஜயகலா.”

“போகட்டுமே! எனக்கென்ன? இவங்க யாரு எனக்கு?”

என்னைத் தள்ளிவிட்டு அவள் உள்ளறை வாசலுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு என்ன யோக்கியதை? உள்ளே சஜீதாவின் பையன் மேசைமேல் உட்கார்ந்திருந்தான். அந்த இளைஞன் ஏதோ ஒரு கருவியைப் பையனின் காதில் மாட்டிவிட்டு, அவனுக்குப் பின்னால் நின்று கையைத் தட்டினான். பையன் திடுக்கிட்டுத் திரும்பினான். சஜீதா “எம் மகனே!” என்று அலறியதற்கும் திரும்பினான். விஜயகலா வாயைத் திறந்தாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, நான்தான் எழுதினேன் என்ற ஒரே ஒரு வசனம் போதும், அவன் மெஷினைப் பூட்டிவிடுவான். வெளியே இன்னும் நான்கைந்து சின்னஞ்சிறுசுகள் தாய் மடியில் தூங்கிக்கொண்டிருந்தன. அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டித் தன் வாய்க்குள் திணித்துக்கொண்டு, சுவரோடு சுவராகச் சரிந்து உட்கார்ந்தாள்.

நேரம் மிஞ்சவில்லை. கடைசிச் சின்னப் பிள்ளை முடிந்ததும் அவன் மெஷினைப் பெட்டியில் வைத்தான். மேடம் கெஞ்சினார், நான் கிட்டத்தட்டக் காலில் விழுந்தேன். பெரிய பிள்ளைகளுக்கு அடுத்த முறை, தேதியைப் பிறகு அறிவிப்போம் என்றான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை, காலையிலிருந்து அவனும் சாப்பிடவில்லை. வேன் போய்விட்டது.

கடைசி பஸ்ஸுக்காக எல்லோரும் வாசலில் நின்றார்கள். சஜீதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பையனின் காதுக் கருவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே வந்தவள், விஜயகலாவின் பக்கத்தில் வந்து நின்றாள்.

“யாருக்கா இத ஏற்பாடு பண்ணுனது? மேடம்கிட்ட கேட்டா தெரியாதுங்குறாங்க. யாரா இருந்தாலும் அவங்க புள்ளகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும்க்கா.”

விஜயகலா அவளை வெறித்துப் பார்த்தாள்.

“அவளுக்கு ஒரே புள்ளதான்,” என்றாள். “ஏழு வயசு. இன்னிக்கு அது பேரக் கூப்பிடல.”

சஜீதா புரியாமல் சிரித்தாள். பிறகு குனிந்து லக்ஷிகாவைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

கஹவத்தை பஸ் வந்து ஹோர்ன் அடித்தது. எல்லோரும் ஏறினார்கள். விஜயகலா ஏறவில்லை. நனைந்த படியில் உட்கார்ந்து வாய்விட்டு, கடைத்தெரு முழுக்கக் கேட்க அழுதாள். லக்ஷிகா அவள் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, தாயின் வாய் ஏன் இவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கிறது என்று உள்ளே எட்டிப் பார்த்தது.